மெல்வில்லின் கயிறு

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' நாவலை நான் முதல் தடவை படித்தபோது, அதில் பாதிக்கு மேல் இல்லை. மாணவர்களுக்கென்று சுருக்கிய இங்கிலீஷ் பதிப்பு அது. ஒரே இரவில் படித்து முடித்துவிட்டேன். ஒரு வெள்ளைத் திமிங்கிலம். அதனிடம் ஒரு காலைப் பறிகொடுத்த கப்பல் தலைவன் ஆஹாப். அவனுடைய பழிவாங்கும் வெறி. கடைசியில் கப்பலோடு எல்லோரும் மூழ்கிப்போவது. நல்ல சாகஸக் கதை என்று எண்ணிப் புத்தகத்தை மூடி வைத்தேன். உலகத்தின் மகத்தான நாவல்களில் ஒன்று என்று இதை ஏன் சொல்லுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து முழு நாவலும் கைக்கு வந்தது. 135 அத்தியாயங்கள், முடிவுரை வேறு. இரவல் தந்த நண்பர் நல்ல படிப்பாளி. புத்தகத்தோடு ஒரு புத்திமதியும் சேர்த்துத் தந்தார். "நடுவிலே திமிங்கிலத்தைப் பற்றிப் பாடம் நடத்துவான். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் படியுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை" என்றார். இந்தப் புத்திமதி அவர் ஒருவருடையதல்ல. அந்த நாவலைப் படித்தவர்களிடையே வெகுகாலமாக வழங்கிவருவது. அதைக் கேட்டு நடக்கிறவன் நாவலின் முடிவையே சரியாகப் படிக்காமல் போகிறான் என்பது என் கட்சி. அதற்கு ஆதாரமாக ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில வார்த்தைகள். மெல்வில் 1819-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தகப்பனார் பிரான்ஸிலிருந்து சாமான்கள் தருவித்து விற்ற வியாபாரி. வியாபாரம் நொடித்து, 1832-ல் இறந்துபோனார். பையனுக்கு அப்பொழுது வயசு 12. பாங்கியில் குமாஸ்தா, பெரியப்பாவின் பண்ணையில் ஆள், தமையனின் தொப்பிக் கடையில் உதவி, பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் என்று கிடைத்த வேலையெல்லாம் அவர் செய்தார். 1839-ல் லிவர்பூலுக்குப் போன கப்பலில் மாலுமிப் பையன். 1841 ஜனவரியில் அக்குஷ்னெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். ஒன்றரை வருஷம் கழித்துப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள மார்க்கேஸஸ் தீவுகள் ஒன்றில் கப்பலை விட்டு ஓடினார். நரமாம்சம் தின்பவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த ஜனங்களோடு சில வாரங்கள் இருந்தார். பிறகு இன்னும் இரண்டு வேட்டைக் கப்பல்கள். நடுவில் டஹிடித் தீவில் காவல். கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் சாதாரண மாலுமி. 1844-ல் ஊர் திரும்பியபோது வயசு 25.

எழுத்தாளனாகப் பேனாவைப் பிடிப்பதற்கு முன்னால் இந்த மனிதருடைய கைகள் என்னென்ன செய்து பழகியிருந்தன என்று பார்க்க வேண்டும். துடுப்பு, கயிறு, தார், கொழுப்பு, பாய். திமிங்கிலக் கப்பல்தான் தன் சர்வகலாசாலை என்று அவருடைய கதாபாத்திரம் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறது. அது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

முதல் புத்தகம் 'டைப்பி' 1846-ல் வெளிவந்தது. தீவு வாசத்தைப் பற்றிய அந்தக் கதைக்கு நல்ல வரவேற்பு. அடுத்த வருஷமே இன்னொன்று. அதே வருஷத்தில் கல்யாணம். பிறகு வந்த 'ரெட்பர்ன்', 'ஒயிட் ஜாக்கெட்' என்ற இரண்டையும், மற்றவர்கள் மரம் அறுப்பதுபோலப் பணத்துக்காகச் செய்த வேலைகள் என்று அவரே மாமனாருக்குக் கடிதம் எழுதினார். எனக்கென்னவோ இந்த ஒப்புமை மிகவும் பிடித்திருக்கிறது. எழுத்தையும் உடல் உழைப்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடியவர் அவர். அந்தக் குணத்திலிருந்துதான் 1851-ல் 'மோபி டிக்' பிறந்தது.

இனிக் கயிற்றுக்கு வருகிறேன். நாவலின் 60-வது அத்தியாயம் சின்னது. திமிங்கிலத்தை எறியும் ஈட்டியோடு இணைத்த கயிற்றைப் பற்றியது. கதை ஒரு அடிகூட நகருவதில்லை. கயிறு எதனால் திரிக்கப்படுகிறது, எவ்வளவு கனம், எவ்வளவு நீளம் என்று சொல்லுகிறார். நீளம் 200 பாகத்துக்கு மேல். ஒரு சிறு முறுக்கு மிஞ்சினாலும் ஓடும்போது ஒருவன் கையையோ காலையோ கொண்டுபோய்விடும் என்பதால், அதைத் தொட்டியில் சுருட்டி வைப்பதற்கே ஒரு காலைப்பொழுது ஆகுமாம். தொட்டியிலிருந்து கிளம்பும் கயிறு படகின் பின்புறத்துக் கட்டையைச் சுற்றி, துடுப்புக்காரர் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் உரசிக்கொண்டு, முன்பக்கம் போய் ஈட்டியில் சேருகிறது. அடிபட்ட திமிங்கிலம் பாயும்போது இந்தக் கயிறு புகை கக்கிக்கொண்டு ஓடும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் அசையக்கூடாது. ஆனாலும் படகிலே வேடிக்கையும் சிரிப்பும் நடந்துகொண்டிருக்கிறது. பழக்கம்!

இன்னொரு விஷயமும் சொல்லுகிறார். கயிற்றின் கடைசி நுனி படகோடு கட்டப்படுவதில்லை. ஒரு கண்ணியாக முடையப்பட்டுத் தொட்டியின் விளிம்பில் சும்மா தொங்கும். கயிறு போதாவிட்டால் பக்கத்துப் படகின் கயிற்றை முடிந்துகொள்ளலாம் என்பது ஒரு காரணம். கட்டி வைத்தால், ஆழத்தில் மூழ்கும் திமிங்கிலம் படகையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது இன்னொன்று. இவ்வளவும் ஒரு தொழிலாளி புதிதாக வேலைக்கு வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தோரணையில் சொல்லப்படுகிறது. கடைசி வரிகளில்தான் மெல்வில் தலையை நிமிர்த்தி, மனிதர் எல்லோருமே இப்படிப்பட்ட கயிறுகளின் நடுவேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு வருகிறார். என் நண்பர் தள்ளிவிடச் சொன்ன அத்தியாயங்களில் இது ஒன்று.

75 அத்தியாயங்கள் கழிகின்றன. மூன்றாம் நாள் வேட்டை. ஆஹாப் வெள்ளைத் திமிங்கிலத்தின்மேல் ஈட்டியை எறிகிறான். அது பாய்கிறது. கயிறு ஓடுகிறது, சிக்கிக்கொள்ளுகிறது. சிக்கெடுக்கக் குனிகிறான். சிக்கெடுத்தும் விடுகிறான். ஆனால் பறந்துவந்த சுருள் ஒன்று கழுத்தைச் சுற்றிக்கொள்ள, சத்தமே இல்லாமல் படகிலிருந்து போய்விடுகிறான். அவன் போனதே படகிலிருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த கணம், காலியான தொட்டியிலிருந்து அந்தக் கண்ணி நுனி பறந்து வந்து ஒரு துடுப்புக்காரனை அடித்துத் தள்ளிவிட்டுக் கடலுக்குள் மறைகிறது.

நாவலின் பிரம்மாண்டமான நாயகன் சாவதற்கு மெல்வில் எடுத்துக்கொண்ட இடம் சில வரிகள்தான். கதறல் இல்லை; பிரசங்கம் இல்லை. சுருக்கப் பதிப்பில் படித்தபோது, இவ்வளவு பெரிய மனிதன் இப்படிச் சட்டென்று போய்விட்டானே, ஆசிரியருக்கு அவசரம்போல என்று எண்ணினேன். முழு நாவலைப் படித்தபோது எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. ஏனென்றால் அந்தக் கயிற்றை எனக்குத் தெரியும். அதன் கனம் தெரியும். ஓடும் வேகம் தெரியும். கடைசி நுனி ஏன் கட்டப்படவில்லை என்பதும் தெரியும். விளக்க வேண்டியதையெல்லாம் 60-வது அத்தியாயத்திலேயே விளக்கிவிட்டதால், 135-வது அத்தியாயத்தில் ஆசிரியர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. 'பாடம் நடத்தினான்' என்று நாம் குறை சொல்லுகிற பக்கங்கள், கடைசியில் அவர் மௌனமாக இருப்பதற்காக முன்கூட்டிக் கொடுத்த விலை.

இடையில் இந்தக் கயிறு இன்னொரு தடவையும் வருகிறது. பிப் என்ற நீக்ரோச் சிறுவன் கப்பலில் எடுபிடி. ஒரு நாள் ஆள் குறைந்ததால் படகில் ஏற்றிவிடுகிறார்கள். பயந்துபோய்த் தண்ணீரில் குதிக்கிறான். கயிறு அவன் மார்பையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளுகிறது. கயிற்றை வெட்டினால் பையன் பிழைப்பான், திமிங்கிலம் போய்விடும். வெட்டுகிறார்கள். பிறகு படகின் தலைவன் ஸ்டப் பையனுக்குப் புத்தி சொல்லுகிறான். அலபாமாச் சந்தையில் அவன் விலைபோவதைப் போல 30 மடங்கு பெறும் ஒரு திமிங்கிலம். மறுபடியும் குதித்தால் எடுக்கமாட்டேன் என்கிறான். பையன் மறுபடியும் குதிக்கிறான். நடுக்கடலில் தனியே விடப்பட்டு, தற்செயலாகக் கப்பல் வந்து தூக்கியபோது சித்தம் கலங்கிப்போயிருக்கிறான். அமெரிக்காவில் அடிமை வியாபாரம் சட்டப்படி நடந்துகொண்டிருந்த வருஷத்தில் எழுதப்பட்டது இது. அதைக் கண்டித்து ஒரு வார்த்தை இங்கே கிடையாது. ஒரு கயிறு, ஒரு கத்தி, ஒரு விலைக் கணக்கு: அவ்வளவுதான். பெரிய பிரசங்கம் எதுவும் இதைவிடச் சுடாது.

தொழிலைப் பற்றிய மற்ற அத்தியாயங்களும் இப்படித்தான். கூலி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டைக் கப்பலில் சம்பளம் கிடையாது; லாபத்தில் பங்கு. கதை சொல்லும் இஷ்மேலுக்கு 300-ல் ஒரு பங்கு என்று முடிவாகிறது. ஈட்டி எறிவதில் வல்லவனான க்வீக்வெக் என்ற தீவுக்காரனுக்கு 90-ல் ஒரு பங்கு. உடம்பெல்லாம் பச்சை குத்திய அந்த 'காட்டுமிராண்டி', வேலை தெரிந்தவன் என்பதால், படித்த வெள்ளைக்காரனைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறான். மனிதர்களின் சமத்துவத்தைப் பற்றி மெல்வில் என்ன நினைத்தார் என்பதற்குக் கணக்குப் புத்தகமே போதும்.

கடலில் கிடக்கும் திமிங்கிலம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டத்தைப் பற்றி 89-வது அத்தியாயம். ஒருவன் கயிற்றில் பிடிபட்டிருப்பது அவனுக்குச் சொந்தம். பிடிபடாதது, யார் முந்துகிறானோ அவனுக்கு. வக்கீல் பேச்சுப்போல ஆரம்பித்து இரண்டே பக்கத்தில் எங்கேயோ போய்விடுகிறார். 1492-ல் அமெரிக்கா எப்படிப்பட்ட மீன்? போலந்து ருஷ்யச் சக்கரவர்த்திக்கு எப்படிப்பட்ட மீன்? வரிசையில் இங்கிலாந்துக்கு இந்தியாவும் வந்து நிற்கிறது! 1857-க்கு ஆறு வருஷம் முன்னால் ஒரு அமெரிக்கர் எழுதிய வாக்கியம். இதைத் தள்ளிவிட்டுப் படிக்கும்படி எனக்குப் புத்திமதி சொன்னவரும் இந்தியர்தான்.

குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. திமிங்கிலச் சித்திரங்களைப் பற்றித் தொடர்ந்து மூன்று அத்தியாயங்கள் எழுதியது அதிகம்தான். இஷ்மேல் சொல்லுகிற கதையில், இஷ்மேல் பார்த்திருக்கவே முடியாத தனியறைக் காட்சிகள் வருகின்றன. பல்கிங்டன் என்ற மாலுமியைப் பெரிய பாத்திரம்போல அறிமுகம் செய்துவிட்டு, ஒரு குட்டி அத்தியாயத்தோடு மறந்துவிடுகிறார். ஆஹாப் சில இடங்களில் கப்பல் தலைவனாகப் பேசாமல் ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் ஏறி நின்று பேசுகிறான். ஆனால் இவையெல்லாம் பெரிய வீடு கட்டுகிறவன் விட்டுவைத்த விரிசல்கள். குடிசைக்கு விரிசல் ஏற்பட இடம் ஏது?

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் ஆரம்ப காலத்து நாவல் ஒன்றில் கதாநாயகன் நெசவாளி. அவனுடைய வறுமையை உருக்கமாக எழுதியிருந்தேன், பாராட்டும் கிடைத்தது. ஒரு நாள் ஒரு கார்டு வந்தது. எழுதியவர் தறி நெய்கிறவர். "ஐயா, உங்கள் ஆள் நெய்துகொண்டே பெண்சாதியிடம் நாலு பக்கம் பேசுகிறான். நாடா போகிற சத்தத்தில் அந்த அம்மாளுக்கு அது காதில் விழுந்ததா? அத்தனை நேரத்தில் ஒரு இழையாவது அறுந்ததாகக் காணோமே?" என்று கேட்டிருந்தார். கோபமில்லை, சந்தேகம்தான் கேட்டிருந்தார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. என் கதாநாயகன் நெசவாளி அல்ல. நெசவாளி என்று நான் பெயர் சூட்டிய என்னைப்போன்ற ஒருவன். அவனுடைய துக்கத்தை எழுதினேன். அவனுடைய வேலையை எழுதவில்லை. வேலை தெரியாதபோது துக்கமும் இரவல்தான்.

அந்தக் கார்டு வந்த பிறகு 'மோபி டிக்'கை மறுபடியும் எடுத்தேன். 47-வது அத்தியாயத்தில் இஷ்மேலும் க்வீக்வெக்கும் படகுக்காக ஒரு பாய் முடைகிறார்கள். பாவு நிலையாக இருக்கிறது. இஷ்மேலின் கையே நாடாவாகி ஊடையை ஓட்டுகிறது. க்வீக்வெக் மரக்கத்தியால் ஏனோதானோவென்று ஊடையை அடிக்கிறான். சில அடி பலமாக விழுகிறது, சில அடி லேசாக விழுகிறது. அடிக்குத் தகுந்தபடி பாயின் முகம் மாறுகிறது. அசையாத பாவு விதி, ஓடுகிற கை மனிதனுடைய சுயேச்சை, கண்டபடி விழும் அடி தற்செயல் என்று இஷ்மேலுக்கு அப்போது தோன்றுகிறது. தத்துவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமாகப் பாயைத் தேடிப் போகவில்லை மெல்வில். பாய் பாயாக முடையப்படுகிறது. முடைகிற விரல்களிலிருந்து எண்ணம் எழுகிறது. கயிறு முதலில் கயிறாக இருந்தால்தான், பிறகு அது வேறு எதுவாகவும் ஆக முடியும். நாவல் கலையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

இப்படி எழுதியவருக்கு உலகம் என்ன செய்தது? லண்டனில் வந்த பதிப்பில் முடிவுரை விட்டுப்போயிற்று. க்வீக்வெக்குக்காகக் கப்பல் தச்சன் செய்த சவப்பெட்டி மிதவையாகி இஷ்மேலைக் காப்பாற்றும் இடம் அதுதான். அது இல்லாததால், எல்லோரும் செத்துப்போன பிறகு கதையைச் சொன்னது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் அவர் இறக்கும்வரை விற்றது சுமார் 3,200 பிரதிகள். 1853-ல் பிரசுராலயத்தில் ஏற்பட்ட தீ, கையிருப்பில் பெரும்பகுதியை எரித்தது. அதே வருஷம் அவர் 'பார்ட்டில்பி' என்ற கதையை எழுதினார். வக்கீல் ஆபீசில் நாளெல்லாம் பத்திரங்களை நகல் எடுக்கும் குமாஸ்தா, ஒரு நாள் மரியாதையாக, இனி இதைச் செய்ய விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுவிடுகிறான். கப்பலில் வேலைக்கு ஒரு பொருள் இருந்தது. இங்கே வேலை இருக்கிறது, பொருள் போய்விட்டது. உழைப்பை அவ்வளவு நேசித்தவரால்தான் உழைப்பு செத்துப்போன இடத்தையும் அவ்வளவு சரியாகக் காட்ட முடிந்தது.

1857-க்குப் பிறகு அவருடைய நாவல் எதுவும் அவர் காலத்தில் வெளிவரவில்லை. 1866-ல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க இலாகா உத்தியோகம்; நாளைக்கு 4 டாலர். 19 வருஷம் பார்த்தார். லஞ்சம் மலிந்திருந்த அந்த இலாகாவில் அவர் கை நீட்டாதவர் என்று சகோதரியின் கணவர் ஒரு கடிதத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார். வேலையில் சேர்ந்த அடுத்த வருஷம் மூத்த மகன் 18 வயசில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான். இரவுகளில் கவிதை எழுதினார். 'கிளாரெல்' என்ற சுமார் 18,000 வரிக் காவியம் மாமாவின் பணத்தில் 1876-ல் அச்சாயிற்று. விற்காத பிரதிகள் கூழாக்கப்பட்டன. கடைசியாக வந்த இரண்டு கவிதைப் புத்தகங்களும் 25 பிரதிகள் வீதம் அச்சிட்டவை. 1891-ல் அவர் காலமானபோது மேஜையில் 'பில்லி பட்' என்ற குறுநாவல் முடியாமல் கிடந்தது. ரொட்டி வைக்கும் தகரப் பெட்டியில் குடும்பத்தார் வைத்திருந்த காகிதங்களிலிருந்து அது 1924-ல்தான் புத்தகமாயிற்று.

இதை ஒரு சோகக் கதையாக எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் துறைமுகத்தில் சரக்கைச் சரிபார்த்துவிட்டு, இரவில் யாருமே கேட்காத வரிகளைத் திருத்திக்கொண்டிருந்த அந்தக் கிழவர், தொட்டியில் கயிற்றைச் சுருட்டும் மாலுமிதான். முறுக்கு விழாமல் சுருட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவன் பொறுப்பு. திமிங்கிலம் வருமா என்பது அவன் கையில் இல்லை.

அவர் எழுதிய தொழிலும் போய்விட்டது. விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் எரித்த காலம் அது. 1859-ல் பென்ஸில்வேனியாவில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார்கள்; மண்ணெண்ணெய் வந்தது; பாய்மர வேட்டைக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்தக் கயிற்றைச் சுருட்டும் முறை அந்தப் புத்தகத்தில் வார்த்தைகளாக இருக்கிறது. ஒரு ஜாதி உழைப்பு முழுவதையும் ஒரு நாவல் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றால், அந்தப் பக்கங்களையா நாம் தள்ளிவிட்டுப் படிப்பது?

'மோபி டிக்' படிக்கப்போகிறவர்களுக்கு என்னுடைய புத்திமதியும் ஒன்று உண்டு. பொறுமை போய்விட்டால் எதை வேண்டுமானாலும் தள்ளுங்கள். 60-வது அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கார்டு எழுதிய அந்த நெசவாளிக்கு அதை நான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நான் பதிலே எழுதவில்லை.